மைக்கக்காவின் பம்பு

பேருந்து நிலையத்துக்கு வந்து போகிறவர்களில் மைக்கக்காவின் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் போதும், பெஞ்சில் தூங்குகிறவர் கண்ணைத் திறக்கும் முன்பே மூட்டையைத் துழாவுவார். சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு, நம் வண்டி இல்லை என்று தெரிந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். காய்கறிக் கடையில் அவள் அரைக் கிலோ வெங்காயம் கேட்டபோது பக்கத்தில் நின்ற ஒருவர் பதறிப்போய்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். கடைக்காரரே சொல்லிச் சிரித்தது இது.

அந்தப் பெயரை வைத்தவர்கள் ஓட்டுநர்கள். அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் குடியிருந்தது. முதலில் அவள் முன்பதிவு ஜன்னலில்தான் வேலை பார்த்தாள். அறிவிப்புச் செய்கிறவருக்கு ஒரு நாள் தொண்டை கட்டிக்கொள்ள, "நீ கொஞ்சம் படிச்சு விடும்மா" என்று டைம்கீப்பர் காகிதத்தை அவள் கையில் திணித்தார். வண்டிகள் உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்த டைம்கீப்பர் சொல்படிதான். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே நிலையம் முழுக்கத் தேடுகிற மனிதர். அவள் படித்தாள். அன்று உட்கார்ந்த நாற்காலியில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறாள்.

அறிவிப்பு அறை என்பது நாலு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற கண்ணாடிப் பெட்டி. ஒரு மேஜை, வளைந்த கழுத்தோடு ஒரு மைக், அதன் அடியில் ஒரு சுவிட்ச், பேசும்போது எரிகிற சிவப்பு விளக்கு. சுவரில் ஒரே ஒரு பிளக். தலைக்கு நேர் மேலே மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியும் அதற்கு நீர் ஏற்றுகிற மோட்டாரும்.

அந்த மோட்டாரைப் பழுது பார்க்க வந்துகொண்டிருந்தவர்தான் பிற்பாடு அவளுக்குக் கணவரானார். ஊரில் எங்கே பம்புசெட் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்; எல்லோருக்கும் அவர் மோட்டார்காரர். கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் அந்த மாடி மோட்டார் ஏன் அத்தனை முறை கெட்டுப்போனது என்று இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

குழந்தை உடனே வந்துவிடவில்லை. ஆஸ்பத்திரி, மருந்து, காத்திருப்பு என்று பல வருஷம் போனபின், இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட சமயத்தில் வந்தாள் பாப்பா. வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. மைக்கக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டு, எந்த நடைமேடையும் எந்த வண்டியும் நினைவில்லாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள்.

பாப்பா குப்புற விழப் பழகிய நேரத்தில் விடுப்பு முடிந்தது. தலைமை அலுவலகம் அதற்குள் ஒரு பெட்டியை அனுப்பி வைத்திருந்தது. பதிவு செய்த குரலில் தானாகவே அறிவிப்புச் செய்கிற இயந்திரம். டைம்கீப்பர் அதைப் பிரிக்காமல் அலமாரி மேல் போட்டு, அதன் மேல் தன் குடையை வைத்திருந்தார்.

"நீ வர்ற வரைக்கும் நான் இதைத் தொட மாட்டேன். வரலைன்னா மேல இருக்கிறவங்களுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?" என்றார்.

போகத்தான் நினைத்தாள். ஆனால் பாப்பாவுக்கு டின் பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்த மாத்திரத்தில் வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு. கொஞ்ச நாளைக்குத் தாய்ப்பால் மட்டும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு என்னவோ கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் ரயில் பாதை. மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பாப்பாவைப் பார்த்துக்கொள்ளப்போகிற அத்தைக்கு, அதாவது அவள் மாமியாருக்கு, முட்டிவலி. வாசற்படி இறங்குவதற்கே சுவரிடம் அனுமதி கேட்பார். மைக்கை விட்டு இவளாலும் நகர முடியாது. பால் எடுத்து வைத்துவிட்டுப் போக முடிந்தால் வேலை. முடியாவிட்டால் அலமாரி மேல் இருக்கிற பெட்டி திறக்கப்படும். விஷயம் அவ்வளவுதான்.

"பம்பு ஒண்ணு வாங்கிக்கங்க. உங்களுக்கு எது தோதுன்னு வந்து கேளுங்க, சொல்றேன்" என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ்.

இதில் இரண்டாவது வாக்கியம் மோட்டார்காரர் காதில் விழவே இல்லை. பம்பு என்ற சொல்லோடு அவர் காது அடைத்துக்கொண்டது.

"பம்பா? அதை என்கிட்ட விடு" என்றார். இருபது வகை பம்பைப் பிரித்துப் போட்ட கை அது. மனைவிக்காக ஒரு பம்பு வாங்கப்போகிறோம் என்று அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்தபோது மைக்கக்காவுக்கு மறுத்துப் பேச மனம் வரவில்லை.

கடையில் நடந்ததை அங்கிருந்த விற்பனைப் பெண் பின்னால் நர்ஸிடம் சொல்ல, நர்ஸ் இவளிடம் சொன்னார். மோட்டார்காரர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து எடைபார்த்திருக்கிறார். சின்னதையெல்லாம் பொம்மை என்று ஒதுக்கியிருக்கிறார். கையால் அமுக்குகிற பம்பைப் பார்த்து, "இது சைக்கிளுக்குக் காத்தடிக்கக்கூட ஆகாது" என்றிருக்கிறார். கடைசியில், "இருக்கிறதிலேயே இழுவை ஜாஸ்தி எது? எவ்வளவு உயரம் தூக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

"சார், மாடிக்கு ஏத்தப் போறீங்களா?" என்று கேட்டாளாம் அந்தப் பெண்.

வந்து சேர்ந்தது ஒரு ராட்சசன். சுவர் மின்சாரத்தில் ஓடுவது, இரண்டு குழாய், இரண்டு புனல், நடுவில் திருகு. ஓடும்போது 'கொர்ர்-டொக், கொர்ர்-டொக்' என்று சத்தம் வரும். முதல் தடவை போட்டபோது அத்தை உள்ளறையிலிருந்து, "யாரு கதவைத் தட்டறது?" என்று கேட்டார். புனலும் பெரிது, வைத்தால் பக்கத்துச் சதையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. வலித்தது. பால் வந்தது, ஆனால் வேண்டா வெறுப்பாக வந்தது.

"பத்தலையா? கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்" என்று திருகைத் திருகினார் மோட்டார்காரர். இழுக்கிற சக்தி இருந்தால் வந்துதானே ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு. கூட்டக் கூட்ட வலி கூடியது, பால் குறைந்தது. ஆசையாக வாங்கி வந்தவரிடம் வலிக்கிறது என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பழகினால் சரியாகிவிடும் என்றாள்.

அத்தை தன் பங்குக்கு, "பீச்சியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் என்ன மாடா அத்தை?"

"சரி தாயே. எடுத்தாச்சா?"

வேலைக்குப் போன முதல் நாள் பாப்பா பாட்டிலைத் தொடவில்லை. ரப்பர் முனை உதட்டில் பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மா வருகிறவரை அழுது அழுது தொண்டை கம்மிப்போனாள். எடுத்து வைத்த கொஞ்சப் பாலும் வீணாயிற்று. மறுநாளும் அதே கதை. மாலையில் வீட்டுக்குள் நுழைந்தவளின் மேல் பாப்பா பாய்ந்து விழுந்தபோது மைக்கக்கா, இந்த வாரத்தோடு வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள்தான் அந்தக் கூத்து நடந்தது.

மதிய நேரம். மார்பு கல்லாய்க் கனத்தது. கண்ணாடிக்குச் செய்தித்தாளை ஒட்டினாள், கதவைத் தாழிட்டாள், மைக் செருகியிருந்த பிளக்கிலேயே ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டைப் போட்டு ராட்சசனையும் செருகினாள். ஒரு வண்டியை அறிவித்துவிட்டு, அடுத்த வண்டிக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பம்பைப் போட்டாள். மைக் சுவிட்சை அணைக்க மறந்துபோனாள். சிவப்பு விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

நிலையம் முழுக்க ஒலிபெருக்கிகள் 'கொர்ர்-டொக், கொர்ர்-டொக்' என்று முழங்க ஆரம்பித்தன. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஓட்டுநர் ஒருவர் தன் வண்டியின் இன்ஜின்தான் என்று நினைத்து இறங்கிப் பார்த்தார். பம்பு பக்கத்திலேயே இரைந்ததில் உள்ளே இருந்தவளுக்கு மட்டும் இது எதுவும் கேட்கவில்லை. டைம்கீப்பர் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"என்னம்மா அது, என்னமோ கொரகொரங்குதே?"

உள்ளே இருந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பம்பின் சத்தம் கதவு வழியாகக் கேட்டுவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள். வெட்கத்தில் வாயில் வந்தது ஒரே ஒரு சொல்.

"பம்பு சார்!"

அந்தச் சொல்லும் தெளிவான உச்சரிப்போடு எல்லா நடைமேடையிலும் ஒலித்தது.

"ஓ, பம்பா?" என்று டைம்கீப்பர் மேலே அண்ணாந்து பார்த்தார். "அதானே பார்த்தேன். நீ உன் வேலையைப் பாரும்மா, நான் பார்த்துக்கறேன்."

எவ்வளவு நல்ல மனுஷன், ஒரு வார்த்தையில் புரிந்துகொண்டாரே என்று உள்ளே இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷன்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் புரிந்துகொண்டது மாடியில் இருக்கிற தண்ணீர் மோட்டாரை. அது என்னமோ ஆகி, அதன் கரண்டு ஒலிபெருக்கிக் கம்பியில் கலக்கிறது என்று அவராகவே முடிவுகட்டினார். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒலிபெருக்கி ஒன்றுவிடாமல் ஏறிப் பார்க்கச் சொன்னார். அடுத்தபடியாக மோட்டார்காரருக்குப் போன் போட்டார்.

"யோவ், உன் பம்பு கத்துதுய்யா. ஊரே வேடிக்கை பார்க்குது. உடனே வா."

மோட்டார்காரர் பக்கத்துத் தெருவில்தான் ஒரு வேலையில் இருந்தார். கருவிப் பையோடு மாடிக்கு ஏறினார். மோட்டார் மேல் கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது. காலையிலிருந்து அது ஓடவே இல்லை.

"சார், இது சும்மாதானே இருக்கு?"

"அப்ப எது கத்துது?"

அப்போதுதான் அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கொர்ர்-டொக். ஒரு மோட்டாரின் சத்தத்தை ஒரு தரம் கேட்டால் ஆயுசுக்கும் மறக்காதவர் அவர். இந்தச் சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்ததே அவர்தான். படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிவந்து அறைக் கதவை மெதுவாகத் தட்டினார்.

"நான்தாம்மா. பேசாதே. முதல்ல மைக்கை அணை."

உள்ளே பம்பு நின்றது. பிறகு சுவிட்ச் விழுகிற சத்தம். பிறகு கதவு திறந்தது.

அவளைப் பார்த்த மாத்திரத்தில் அவர் சொல்ல வைத்திருந்த கேலியெல்லாம் மறந்தே போயிற்று. முகம் வீங்கி, கண் சிவந்து நின்றாள். பாட்டிலின் அடியில் நாலு சொட்டுப் பால். துண்டு விலகிய இடத்தில் புனலின் விளிம்பு பதிந்து தோல் கன்றிப் போயிருந்தது.

"இப்படி வலிக்குதுன்னு ஏம்மா சொல்லலை?"

"நீங்க அவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்தீங்க." அதோடு அவளால் அழுகையை அடக்க முடியவில்லை. "எனக்கு இந்த வேலை வேண்டாங்க. பாலும் வரலை, அவளும் குடிக்கலை. இன்னிக்கு மானமும் போச்சு."

மோட்டார்காரர் கருவிப் பையின் மேலேயே உட்கார்ந்தார். "ஊத்து கம்மியா இருக்கிற கிணத்துல பெரிய மோட்டாரைப் போட்டு உறிஞ்சாதீங்க, சேறுதான் வரும், ஊறவிட்டு எடுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான். என் வீட்டுல கிணத்தைப் பார்க்காம மோட்டார் வாங்கிட்டேனே."

"நான் கிணறா?" என்றாள் அவள், அழுகைக்கு நடுவில்.

"இல்லம்மா. நான்தான் மடையன்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் மடையனாக இருந்திருப்பார்.

டைம்கீப்பரிடம் அவரே போய்க் காதோடு விஷயத்தைச் சொன்னார். டைம்கீப்பர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார், மறுபடி நெற்றிக்கு ஏற்றினார், பிறகு குடையை எடுத்துக்கொண்டு அறிவிப்பு அறைக்கு வந்தார்.

"நீ கிளம்பும்மா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நாளைக்கு வா. இன்னிக்கு மைக்கை நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். அன்று மாலை இரண்டு குடும்பங்கள் வண்டி மாறி ஏறி, போக வேண்டிய ஊரை விட்டு வேறு ஊரில் போய் இறங்கின. அதற்குப் பிறகு அவர் மைக்கின் பக்கம் வரவில்லை. ஆனாலும் அவர் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை என்பதை மைக்கக்கா இன்றும் நன்றியோடு சொல்கிறாள்.

நர்ஸ் முதலில் பம்பையே பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்தார். கன்றிய இடத்துக்கு மருந்து தடவிக்கொண்டே கேட்டார்.

"வேலை பார்க்கிற இடத்துல பிளக் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. அதுல மைக் இருக்கு."

"சத்தம் வரலாமா?"

மோட்டார்காரர் இருமினார். "வரக்கூடாது சிஸ்டர். ரொம்ப வரக்கூடாது."

"ரெண்டு கையும் சும்மா இருக்குமா?"

"ஒரு கை சுவிட்ச் மேல இருக்கணும். நடுநடுவே நிறுத்திட்டுப் பேசணும்."

"இது ஒண்ணையும் கேட்காம இதை வாங்கினது யாரு?"

மோட்டார்காரர் தலையைத் தூக்கி, கூரையில் சுற்றுகிற மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்.

நர்ஸ் அளந்து பார்த்து, அவளுக்கு வேண்டியது இன்னும் சின்னப் புனல் என்றார். புனல் பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த பம்பும் வலியைத்தான் எடுக்கும், பாலை எடுக்காது. "வாஷர் சேராம காத்து இழுக்கிற மாதிரி" என்று முணுமுணுத்த மோட்டார்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேஜையிலிருந்து கையால் அமுக்குகிற சின்னப் பம்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். சைக்கிளுக்கு ஆகாது என்று அவர் ஒதுக்கிய அதே வகை.

"உங்க வேலைக்கு இதுதான் தோது. சத்தம் கிடையாது, கரண்டு வேண்டாம், ஒரு கை போதும். ரெண்டு அமுக்கு அமுக்கிட்டு மைக்ல பேசலாம். பெரியதைத் தூக்கிப் போடாதீங்க, சின்னப் புனலை மாட்டி, ரொம்பக் குறைச்சு வச்சு, காலையில வீட்டுல போடுங்க. இதே எல்லாருக்கும் சரியா வரும்னு இல்லை. உங்களுக்கு வரும்." பிறகு குரலைத் தணித்தார். "இழுத்தா மட்டும் வராது. மனசு இறங்கணும், அப்பதான் பால் இறங்கும். பாப்பா சத்தத்தைப் போன்ல பிடிச்சு வச்சுக்கங்க. எடுக்கிறப்ப கேளுங்க."

மறுநாள் அறைக்குப் போனபோது கண்ணாடிக்குக் கனமான நீலத் திரை போட்டிருந்தது. டைம்கீப்பர் வீட்டு ஜன்னலில் தொங்கிய திரை அது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் பேசவில்லை. வழியில் பார்த்த ஓட்டுநர்கள் எல்லோரும், "பம்பு சரியாயிடுச்சாக்கா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். மாடி மோட்டாரைத்தான் கேட்கிறார்கள், பாவம். "ஆச்சுப்பா" என்று சொல்லிச் சொல்லி இவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மதியம் திரையை இழுத்துவிட்டாள். மைக் அணைந்திருக்கிறதா என்று ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்தாள். போனைக் காதோரம் வைத்தாள். பாப்பா யாரிடமோ 'ங்கா' என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். மைக்கக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சின்னப் பம்பை மெல்ல அமுக்கினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே எதுவோ கட்டவிழ்ந்தது போல் ஒரு கூச்சம். பால் இறங்கியது. இவள் அவசரப்படுத்தவில்லை, அதுவும் அடம்பிடிக்கவில்லை. நடுவில் ஒரு வண்டியை அறிவித்தாள், மறுபடி அமுக்கினாள். பாட்டிலில் பால் ஏறிக்கொண்டே வந்ததைப் பார்த்து, கும்பிட வேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை. ஒரு கையில் பம்பு இருந்தது.

சரி, பால் வந்துவிட்டது. குடிக்க வேண்டியவள் குடிக்க வேண்டாமா? அந்தக் கவலையோடு அவள் அடுத்த வண்டியை அறிவித்து முடித்த சற்று நேரத்தில் போன் அடித்தது. அத்தை. வழக்கமாகப் பின்னணியில் கேட்கிற அழுகையைக் காணோம். மைக்கக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"என்ன அத்தை, பாப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லைடி. குடிச்சுட்டா."

"குடிச்சுட்டாளா?"

"காலையில நீ எடுத்து வச்சதை முழுசா குடிச்சுட்டா. பாட்டிலைக் கிட்டக் கொண்டுபோனேன், எப்பவும் போல மூஞ்சியைத் திருப்பினா. அந்த நேரம் பார்த்து ஜன்னல்ல உன் குரல் கேட்டுச்சு. 'பயணிகளின் கவனத்திற்கு'ன்னு கணீர்னு கேட்குது. அழுகையை நிறுத்திட்டு ஜன்னலையே பார்த்தா. பார்த்துக்கிட்டே வாயைத் திறந்தா. நீ பேசி முடிச்சதும் குடிக்கிறதை நிறுத்திட்டா. அடுத்த வண்டிக்கு நீ மறுபடி பேசினதும் மறுபடி குடிக்கிறா. என்ன சொல்ல, என் வயித்துல பாலை வார்த்தா."

இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ரயில் பாதையைப் பார்த்து இருக்கிற ஒலிபெருக்கி, ஒரு பெருமழையில் ஊமையாகி வெகுகாலம் ஆயிற்றே? திரையை விலக்கி, வெளியே போய்க்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நேத்து பம்பு சத்தம் எங்கிருந்து வருதுன்னு எல்லாத்துலயும் ஏறிப் பார்த்தேன்ல? அதுல ஒயர் அறுந்து கிடந்துச்சு. ஏறினதுதான் ஏறிட்டோம்னு முறுக்கி விட்டுட்டு வந்தேன். ஏங்க்கா, தொந்தரவா இருக்கா? வேணும்னா அறுத்து விட்டுடவா?"

"அய்யோ, வேண்டாம்ப்பா! இருக்கட்டும். அது இருக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் சொன்னாள்.

நேற்று சுவிட்சை அணைக்க மறந்தோமே என்று தன்னையே திட்டித் தீர்த்திருந்தாள். மறக்காமல் இருந்திருந்தால் யார் அந்தக் கம்பத்தில் ஏறியிருப்பார்கள்?

கையால் அமுக்குகிற பம்பும், நீலத் திரையும், ரயில் பாதையைத் தாண்டிப் போகிற குரலுமாகப் பாப்பா வளர்ந்தாள். பாட்டில் நேரத்தை அத்தை வண்டி நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார். வண்டி தாமதமானால் பாப்பாவுக்குப் பாலும் தாமதம். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று மைக்கக்கா சொல்லும்போது உண்மையாகவே வருந்தினாள். மைக்கில் சொந்த விஷயம் எதுவும் பேசக்கூடாது என்பது நிலையத்தின் விதி. அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து ஒவ்வொரு அறிவிப்பின் முடிவிலும் காகிதத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டாள்.

"நன்றி."

பயணிகள் அது தங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வண்டி ஏறினார்கள். பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னலோரத்தில், அந்தச் சொல் முடிகிறவரை பாப்பா குடித்துக்கொண்டிருந்தாள்.